கிட்னி கல்லுக்கு எந்த ஸ்கேன்? அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே, சிடி: எப்போது எது?

"தம்பி, போன வாரம்தான் வயிறு ஸ்கேன் எடுத்தோம். கல் இருக்குன்னு அதிலேயே போட்டிருக்கு. மறுபடியும் சிடி எதுக்கு?"

சிடி அறை வாசலில் இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலைந்து முறையாவது கேட்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் கூட வந்த மனைவியாகவோ அண்ணனாகவோ இருப்பார். வலிக்காரர் பெஞ்சில் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பார். நேர் எதிரான கேள்வியும் வரும்: "எப்படியும் சிடி எடுக்கச் சொல்லத்தானே போறாங்க, நேரா அதையே எடுத்திருந்தா ஒரு செலவு மிச்சம் இல்லையா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். பதினான்கு வருடமாக ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறேன். ஒரே கல்லுக்கு ஒருவருக்கு அல்ட்ராசவுண்ட் போதுமானதாகவும், இன்னொருவருக்கு சிடி இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாததாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்தா ஆபரேஷனா என்பது உங்கள் யூராலஜிஸ்ட் சொல்ல வேண்டியது. அவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கல் வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தால், சிறுநீர் அடியோடு நின்றுபோனால், அல்லது இருப்பதே ஒரு கிட்னி என்றால், எந்த ஸ்கேன் என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடைபட்ட கிட்னியில் சீழ் பிடித்தால் அது உயிர்ப் பிரச்சினை.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி என்ன? முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். "இது கல் வலிதானா?" என்பது ஒரு கேள்வி. "இந்தக் கல்லை எப்படி எடுப்பது?" என்பது வேறு. "எடுத்த பிறகு மிச்சம் இருக்கிறதா?" என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே ஸ்கேன் பொருந்தாது. படத்தைப் பார்த்த பிறகு டாக்டர் எடுக்கப்போகும் முடிவு மாறுமா என்று கேட்டுப் பாருங்கள். மாறாது என்றால் அந்த ஸ்கேனுக்கு அவசரம் இல்லை.

கதிர்வீச்சு எவ்வளவு? மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. கீழே வரும் எண்களை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல் திரும்பத் திரும்ப வரும் உடம்பு சிலருக்கு உண்டு. முப்பது வயதில் முதல் கல் வந்தவர் வாழ்நாளில் எத்தனை முறை இந்த மேசையில் படுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மொத்தச் செலவு எவ்வளவு? பில்லில் இருக்கும் தொகை மட்டும் செலவாகாது. தெளிவில்லாத ரிப்போர்ட்டால் இரண்டாவது முறை வர வேண்டியிருந்தால் பஸ் காசு, ஒரு நாள் கூலி, கூட வந்தவரின் கூலி எல்லாமே செலவுதான்.

படுக்கப்போவது யார்? கர்ப்பிணியா, குழந்தையா, உடல் பருத்தவரா, கிட்னி ஏற்கெனவே பலவீனமானவரா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும்.

## அல்ட்ராசவுண்ட்

முதல் வலிக்கு முதல் ஸ்கேன் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கதிர்வீச்சு கிடையாது, எல்லா ஊரிலும் இருக்கிறது, செலவும் குறைவு. கிட்னி வீங்கியிருக்கிறதா என்பதை நன்றாகக் காட்டும். சிறுநீர் அடைபட்டு நிற்கிறதா என்பதற்கு அந்த வீக்கம்தான் அடையாளம். வலி கிட்னியிலிருந்து வராமல் பித்தப்பையிலிருந்தோ கர்ப்பப்பைப் பக்கத்திலிருந்தோ வந்தால் அதுவும் இதில் தெரிய வாய்ப்புண்டு.

தடுமாறும் இடம் கல்லேதான். ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் கணக்குப்படி, இருக்கிற கற்களில் சுமார் 45 சதவீதத்தைத்தான் அல்ட்ராசவுண்ட் பிடிக்கிறது. கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் நடுப்பகுதி குடல் காற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது ஒரு காரணம். குழாயின் அடி முனையில் நிற்கும் கல்லைப் பார்க்க வேண்டுமானால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். "தண்ணி குடிச்சுட்டு யூரின் வந்ததும் சொல்லுங்க" என்று உங்களை உட்கார வைப்பது அதற்காகத்தான். அடக்க முடியாமல் பாதியில் எழுந்து போய்விட்டால் அந்தக் கல் தப்பிவிடும்.

இதில் மறைந்திருக்கும் செலவு கல்லின் அளவில் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் கல்லைப் பெரிதாகக் காட்டும், அதிலும் 5 மி.மீ.க்குக் கீழே உள்ளவற்றைக் கூடுதலாகவே. சில மாதங்களுக்கு முன் ஒரு லாரி டிரைவர் வந்தார். அல்ட்ராசவுண்ட் சீட்டில் 8 மி.மீ. என்று இருந்தது. உடனே ஆபரேஷன் என்று பயந்து, மனைவியின் வளையலை அடகு வைக்கப் பேசிவிட்டு வந்திருந்தார்கள். சிடியில் அது 5 மி.மீ. கூட வரவில்லை, சிறுநீர்ப்பை வாசலுக்கே வந்து நின்றிருந்தது. மாத்திரையோடு அனுப்பினார்கள். பத்தாம் நாள் அவரே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கல்லைப் போட்டுக்கொண்டு வந்து காட்டினார், மிளகில் பாதி இருக்கும்.

இந்தச் சில மி.மீ. வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், குழாயில் நிற்கும் கல் 5 மி.மீ. வரை இருந்தால் நூற்றில் சுமார் 68 பேருக்குத் தானாகவே வெளியேறுகிறது. 5 முதல் 10 மி.மீ. வரை என்றால் அது 47 ஆகக் குறைகிறது. காத்திருக்கலாமா என்ற முடிவு அந்த எண்ணில்தான் நிற்கிறது.

இது போதும் என்ற இடங்கள்: கர்ப்பிணிகள், குழந்தைகள் (இருவருக்குமே முதலில் இதுதான், கர்ப்பிணிக்கு இதில் தெரியாவிட்டால் அடுத்து எம்ஆர்ஐ). முன்பே கல் என்று தெரிந்தவருக்கு வலி அடங்கி, கிட்னி வீக்கம் குறைகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டிய நிலை. வலியே இல்லாமல் கிட்னிக்குள் சும்மா கிடக்கும் சிறு கல்லை வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது.

முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் பெரிய நோய் எதையாவது தவறவிட்டுவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் 15 அவசரப் பிரிவுகளில் கல் வலியோடு வந்த 2,759 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களுக்கும் சிடியில் தொடங்கியவர்களுக்கும் ஆபத்தான நோய் தவறிப்போவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதுவே மிக அரிதாகத்தான் நடந்தது. ஆறு மாதத்தில் வாங்கிய கதிர்வீச்சோ முதல் வகையினருக்குக் குறைவு. அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களிலும் ஒரு பங்கினருக்குப் பிறகு சிடி தேவைப்பட்டது உண்மை. பெரும்பாலோருக்குத் தேவைப்படவில்லை.

## எக்ஸ்ரே

தனியாக, முதல் பரிசோதனையாக இதை எடுப்பதில் பெரிய பயன் இல்லை. யூரிக் அமிலக் கல் இதில் தெரியவே தெரியாது, சிறு கற்கள் மலத்துக்கும் காற்றுக்கும் பின்னால் மறையும், இடுப்புப் பகுதியில் ரத்தக் குழாய்ச் சுண்ணாம்புப் புள்ளிகள் கல் மாதிரியே நிற்கும். இது கைகொடுக்கும் இடம் சிகிச்சைக்குப் பிறகு வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். கதிர்வீச்சு 0.5 முதல் 1 மில்லி சீவர்ட்.

## பிளைன் சிடி

சீட்டில் "சிடி கேயூபி பிளைன்" என்று எழுதியிருப்பார்கள் (கேயூபி என்றால் கிட்னி, சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பை). ஊசி இல்லை, மருந்து இல்லை, வெறும் வயிறு தேவையில்லை. மேசையில் ஏறி இறங்குவதற்குள் முடிந்துவிடும். எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் இதில் தெரியும். சில எச்ஐவி மருந்துகளால் உருவாகும் கல் போன்ற மிக அரிதானவை மட்டும்தான் தப்பும்.

கல் இருக்கிறது என்று சொல்ல மட்டும் சிடி எடுப்பது பாதிப் பயன்தான். எப்படிச் சிகிச்சை செய்வது என்று திட்டம் போட அதிலிருந்து நாலு விவரங்கள் கிடைக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த நாலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவும் இடமும். குறுக்கு வெட்டுப் படத்தில் மட்டும் அளந்தால் நீள வாக்கில் நிற்கும் கல் சிறியதாகத் தெரியும். மேலிருந்து கீழ் வெட்டிலும் அளந்திருக்க வேண்டும். கிட்னிக்குள் 2 செ.மீ.க்கு மேல் என்றால் வழக்கமாக முதுகில் சிறு துளை போட்டு எடுக்கும் பிசிஎன்எல். அதற்குக் கீழே என்றால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது, அல்லது சிறுநீர் வழியாகவே கருவியை விட்டு லேசரில் உடைப்பது. கல் கிட்னியின் கீழ் அறையில் இருந்தால் உடைத்த தூள் மேலே ஏறி வெளியேறக் கஷ்டம் என்பதால் கணக்கு மறுபடி மாறும்.

கடினம். கல்லின் அடர்த்தியை சிடி ஓர் எண்ணாகச் சொல்கிறது. சிடியைக் கண்டுபிடித்ததற்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான் அந்த அலகுக்கு. தண்ணீருக்கு அது பூஜ்யம். கல்லில் 1000க்கு மேல் போனால் அதிர்வலைக்கு உடைய மறுக்கும் கல் என்று எடுத்துக்கொள்ளலாம். எண் குறைவாக, 500க்குக் கீழே இருந்து, சிறுநீரும் அமிலத்தன்மையாக இருந்தால் யூரிக் அமிலக் கல்லாக இருக்கலாம். அப்படியானால் சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் சிட்ரேட் மருந்தால் கரைத்துப் பார்க்க வழி உண்டு, கத்தியே இல்லாமல். ஒரு எண் ஆபரேஷனை மருந்தாக மாற்றும் இடம் இது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

தோலிலிருந்து கல் வரை உள்ள தூரம். 10 செ.மீ.க்கு மேல் போனால் அதிர்வலை கல்லைச் சேருவதற்குள் வலுவிழக்கும். உடல் பருத்தவர்களுக்கு இதை அளக்காமல் அதிர்வலைக்கு அனுப்பினால் பணமும் வலியும் வீண்; கடைசியில் வேறு முறைக்குத்தான் போவார்கள்.

அக்கம்பக்கம். முதுகில் துளை போடுவதற்கு முன் ஊசி போகும் பாதையில் குடலோ மண்ணீரலோ விலா எலும்போ குறுக்கே நிற்கிறதா என்று தெரிய வேண்டும். சிலருக்குப் பெருங்குடல் கிட்னிக்குப் பின்னாலேயே ஓடும். இரண்டு கிட்னியும் கீழே ஒட்டிக் குதிரை லாடம் போல இருப்பவர்களும் உண்டு. இதை ஆபரேஷன் மேசையில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகு பாதகங்கள். வழக்கமான அளவில் எடுத்தால் சுமார் 5 மில்லி சீவர்ட், பழைய அமைப்பில் அதற்கு மேலும் போகும். ஆனால் கல் தேடுவதற்கு அவ்வளவு தேவையில்லை. குறைந்த கதிர்வீச்சில் எடுத்தால் 1 முதல் 2க்குள் முடியும், மிஞ்சிப் போனால் 3. உடல் பருமன் இல்லாதவர்களுக்கு 3 மி.மீ.க்கு மேற்பட்ட குழாய்க் கல்லை அது கிட்டத்தட்ட விடாமல் பிடித்துவிடுகிறது. படம் கொஞ்சம் மணல் மணலாக இருக்கும், அவ்வளவுதான். "லோ டோஸில் எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்; கேட்டால் கோபப்படுகிற டெக்னீஷியனை நான் பார்த்ததில்லை. எடுத்து முடித்ததும் மெஷின் ஒரு கணக்குப் பக்கம் தரும். அதில் டிஎல்பி என்ற எண்ணை 0.015ஆல் பெருக்கினால் உங்களுக்கு வந்த மில்லி சீவர்ட் தோராயமாகக் கிடைக்கும். 300 என்றால் 4.5.

இன்னொரு செலவு, தேடாமல் கிடைப்பது. கல்லுக்காக எடுத்த படத்தில் அட்ரீனல் சுரப்பியில் ஒரு சிறு முடிச்சு, கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி என்று ஏதாவது தெரியும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அதை உறுதி செய்ய இன்னும் ஒரு ஸ்கேன், இன்னும் ஒரு மாதத் தூக்கமின்மை. மறுபக்கம், யாரும் சந்தேகிக்காத ஒரு கட்டியை இப்படிப் பிடித்து ஆளைக் காப்பாற்றியதும் உண்டு.

சிடி சொல்லாததையும் சொல்ல வேண்டும். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பது பிளைன் சிடியில் தெரியாது. பல மாதம் அடைபட்டு, சதை மெலிந்த கிட்னியில் கல்லை எடுப்பதில் பயன் உண்டா என்று பார்க்க டிடிபிஏ என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது.

இது வேண்டும் என்ற இடங்கள்: வலி அடங்காதபோது. அல்ட்ராசவுண்டில் கிட்னி வீங்கியிருந்தும் கல் எங்கே என்று தெரியாதபோது. எந்த முறையிலாவது கல்லை எடுப்பது என்று முடிவாகி, எந்த முறை என்று தீர்மானிக்க வேண்டியபோது. வயதானவருக்கு முதன்முறையாக இந்த வலி வந்தால், அது கல்தானா பெரிய ரத்தக் குழாய் வீக்கமா என்று பிரித்துப் பார்க்கவும்.

## கான்ட்ராஸ்ட் சிடி

ஊசி மருந்து போட்டுப் பல கட்டமாக எடுப்பது. ஒவ்வொரு கட்டமும் ஒரு தனி ஸ்கேன் என்பதால் கதிர்வீச்சும் இரண்டு மூன்று மடங்காகும். மருந்தும் வெள்ளையாகத் தெரியும், கல்லும் வெள்ளையாகத் தெரியும். மருந்து நிறைந்த குழாயில் கல் தனியாகத் தெரியாமல் மறைந்துபோகும். அதனால் இதை எடுத்தாலும் முதலில் ஒரு பிளைன் தேவை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் பார்த்த பிறகே ஊசி போடுவார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும், முன்பு ஊசி மருந்துக்கு அரிப்பு, மூச்சு முட்டல் வந்தவர்களும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

சாதாரணக் கல்லுக்கு இது தேவையில்லை. சிறுநீரில் ரத்தம் வந்து கட்டியோ என்ற சந்தேகம் இருந்தால், கிட்னியின் அமைப்பே மாறுபட்டிருந்தால், சிக்கலான பிசிஎன்எல்லுக்குப் பாதை பார்க்க வேண்டியிருந்தால் இது தேவை.

## ஒரே பார்வையில்

| | அல்ட்ராசவுண்ட் | எக்ஸ்ரே | பிளைன் சிடி | கான்ட்ராஸ்ட் சிடி |
|---|---|---|---|---|
| கல் தெரியுமா | பாதிக்குப் பாதி | சில வகைக் கல் மட்டும் | கிட்டத்தட்ட எல்லாம் | பிளைன் கட்டத்தில் மட்டும் |
| அளவை நம்பலாமா | பெரிதாகக் காட்டும் | ஓரளவு | நம்பலாம் | பிளைன் கட்டத்தில் |
| கடினம் தெரியுமா | தெரியாது | தெரியாது | தெரியும் | பிளைன் கட்டத்தில் |
| கதிர்வீச்சு (மில்லி சீவர்ட்) | இல்லை | 0.5–1 | லோ டோஸ் 1–2, வழக்கமானது சுமார் 5 | அதைவிட இரண்டு மூன்று மடங்கு |
| மறைந்த செலவு | திரும்ப எடுப்பது, வீண் பயம் | தெரியாத கல்லை இல்லை என்று நம்புவது | தேடாமல் கிடைப்பவை | கிரியேட்டினின், ஒவ்வாமை |
| பொருத்தமான நேரம் | முதல் வலி, கர்ப்பம், குழந்தை | தெரிந்த கல்லைத் தொடர்ந்து பார்க்க | சிகிச்சைத் திட்டம் | கட்டிச் சந்தேகம், சிக்கலான அமைப்பு |

## சிகிச்சைக்குப் பிறகு

தேவையில்லாத சிடி அதிகம் நடக்கும் இடம் இதுதான். ஒரு அம்மா இரண்டு மாதத்தில் எடுத்த மூன்று சிடியோடு வந்தார்கள், துணிக்கடைப் பையில் சுருட்டி வைத்து. வலி வந்ததும் ஒன்று, அதிர்வலை கொடுத்த மறுவாரம் ஒன்று, வேறு டாக்டரிடம் போனதும் பழைய சிடி இல்லையென்று சொன்னதால் இன்னொன்று. மூன்றும் வழக்கமான டோஸ். வயது 34.

அவர்களுடைய முதல் சிடியை விரித்துப் பார்த்தேன். சிடி எடுக்கத் தொடங்கும்போது, எதுவரை எடுப்பது என்று குறிக்க ஸ்கவுட் என்று ஒரு தட்டைப் படம் முதலில் வரும். பார்க்க எக்ஸ்ரே மாதிரியே இருக்கும். அவர்களுடைய கல் அதிலேயே பளிச்சென்று தெரிந்தது. ஸ்கவுட்டில் தெரிகிற கல் எக்ஸ்ரேயிலும் தெரியும். அப்படியானால் அதிர்வலைக்குப் பிறகு உடைந்ததா, நகர்ந்ததா என்று பார்க்க ஒரு எக்ஸ்ரேயும், கிட்னி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு அல்ட்ராசவுண்டும் போதுமாயிருந்திருக்கும். உடைந்த துண்டுகள் குழாயில் வரிசையாகச் சிக்கி அடைப்பது உண்டு. கல் எக்ஸ்ரேயில் தெரிகிற வகையாக இருந்தால் அதுவும் தெரியும்.

அப்படியென்றால் சிகிச்சைக்குப் பிறகு சிடியே வேண்டாமா? வேண்டிய இடங்கள் இருக்கின்றன. மாத்திரையால் கரைக்கும் யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்ட் அல்லது லோ டோஸ் சிடிதான். லேசரோ பிசிஎன்எல்லோ செய்து, மிச்சம் இருந்தால் இரண்டாவது முறை உள்ளே போவதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தால் லோ டோஸ் சிடிதான் சரி. 4 மி.மீ.க்குக் கீழான துணுக்குகளை முன்பெல்லாம் பொருட்படுத்தாமல் விடுவார்கள். அவற்றில் சில வளர்ந்து திரும்ப வலி கொடுப்பது தெரிந்த பிறகு இப்போது கவனமாகப் பார்க்கிறார்கள். இந்தச் சிடியையும் ஆபரேஷன் முடிந்த மறுநாளே எடுக்க அவசரப்பட வேண்டியதில்லை. சில வாரம் விட்டால் தூள் தானாக வெளியேறும், பிறகு மிச்சம் என்னவென்று சரியாகத் தெரியும்.

மாத்திரையில் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கல் அசையாமல் அடைத்துக்கொண்டே வலி அடங்குவதும் நடக்கும், கிட்னி சத்தமில்லாமல் கெடும். கல் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு அல்ட்ராசவுண்டாவது பார்த்துவிடுங்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். குடிப்பதில் தவறில்லை, பார்க்காமல் விடுவதுதான் தவறு. சிறுநீர் தடையில்லாமல் இறங்கக் குழாய்க்குள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூப் வைத்திருந்தால் எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். மறந்துபோன ஸ்டென்ட் மேல் கல் படிந்து, அதை எடுக்கவே தனி ஆபரேஷன் தேவைப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

## ஸ்கேனுக்கு வரும் நாளில்

பழைய படங்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, சிடி எடுத்த இடத்தில் படங்களைக் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவின் மூன்றாவது ஸ்கேன் இதனால்தான் வந்தது. தனியார் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். சிடி அல்ட்ராசவுண்டைப் போல் பல மடங்கு இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிடி மிகக் குறைந்த கட்டணத்தில் எடுக்கிறார்கள், வரிசையில் நேரம் ஆகலாம். கல்லை எடுக்கும் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்று அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் முதலிலேயே கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டால் சிரமம்.

மேசையில் படுத்த பிறகு "குப்புறப் படுங்க, இன்னும் கொஞ்சம் எடுக்கணும்" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். கல் சிறுநீர்ப்பை வாசலில் சிக்கியிருக்கிறதா, உள்ளே விழுந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக அப்படிச் செய்வோம். உள்ளே விழுந்த கல் உடம்பைத் திருப்பினால் தானும் உருண்டு முன்பக்கம் வரும், சிக்கிய கல் அங்கேயே நிற்கும். அந்தச் சிறு பகுதியை மட்டும்தான் திரும்ப எடுப்போம்.

அப்புறம், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் கடைசி மாதவிலக்குத் தேதியைச் சொல்லிவிட்டுத்தான் மேசையில் ஏற வேண்டும். நாங்கள் கேட்போம். கூட்டத்தில் கேட்க மறந்தாலும், வலியில் உங்களுக்குப் பேச முடியாவிட்டாலும், கூட வந்தவராவது சொல்லுங்கள். நாள் தள்ளியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெஷினை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்துவிடுவோம்.